உள்ளரங்க ஆட்டமும் ஒளிப்படமும்

நுழையும்முன்
கல்லூரி அணிகளுக்கு இடையேயான ஆட்டங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியில் வருவதில்லை. அரங்கின் விளக்குகள் அணைந்ததும் அவை நினைவாக மட்டுமே எஞ்சுகின்றன. அந்நினைவுக்கு உருவம் தருபவர், எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒளிப்படக்கருவியுடன் அமர்ந்திருக்கும் மாணவரே. குறைந்த ஒளியில், எளிய கருவியைக் கொண்டு அவர் நல்ல படம் எடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கூரையின்கீழ் பிறந்த ஆட்டங்கள்

1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், வெளியே விளையாட இயலாத மாணவர்களுக்காக ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பயிற்சிக்கூடத்தினுள் இரு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டினார். கூடைப்பந்து பிறந்தது. 1895இல் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். இவ்விரண்டும் கூரையின்கீழ் பிறந்தவை. வெயிலையும் பனியையும் தடுத்த அக்கூரை, ஒளிப்படத்திற்கு வேண்டிய ஒளியையும் தடுத்துவிட்டது.

ஒளியின் பஞ்சம்

நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கல்லூரி உள்ளரங்குகளிலோ அது பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவே. கண் இவ்வேறுபாட்டுக்கு விரைவில் பழகிவிடுகிறது. எனவே, அரங்கு வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. கருவி அவ்வாறு ஏமாறுவதில்லை.

பந்தை அடிக்கும் கை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கொள்வோம். கருவியின் திரை நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் கை 16 செ.மீ.க்கு மேல் நகர்ந்து, படத்தில் வெறும் கலங்கலாகும். 500இல் ஒரு பங்கு நேரமானால் நகர்வு 2 செ.மீ. மட்டுமே. ஆனால், உள்ளே நுழையும் ஒளியும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இவ்விழப்பை ஈடுசெய்ய இரு வழிகள் உள்ளன. ஒன்று, வில்லையின் துளையை அகலத் திறத்தல். துளை எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 5.6 என்னும் எண்ணைவிட 1.8 என்னும் எண்ணில் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி நுழையும். 50 மி.மீ. குவியத்தூரம் கொண்ட எளிய வில்லைகளிலேயே இவ்வசதி உண்டு. எனினும், அகன்ற துளையில் தெளிவாகும் பகுதி குறுகிவிடுவதால் ஆடுபவரின் முகத்தில் குவியம் வைத்தல் வேண்டும். மற்றொன்று, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறனை 1600, 3200 என உயர்த்துதல். அதனால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றலாம். புள்ளிகள் உள்ள படத்தைப் பார்க்க முடியும். கலங்கிப்போன முகத்தை மீட்க முடியாது.

தெரியுமா?
50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் எரியும் சில வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இம்மாற்றத்தால், அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் ஒளியும் நிறமும் வேறுபடக்கூடும். ஆதலால், ஒரே காட்சியைத் தொடர்ச்சியாகப் பலமுறை எடுத்து, சிறந்ததைத் தேர்வர்.

ஆட்டம் அறிந்த கண்

விலையுயர்ந்த கருவி இல்லாதவருக்கு ஆட்ட அறிவே துணை. மேலே எம்பும் ஒருவர், தாம் வானில் நிற்கும் நேரத்தில் சரிபாதியைத் தாண்டலின் உச்சிக் கால்பகுதியிலேயே கழிக்கிறார். உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைவதே அதற்குக் காரணம். அந்நொடியில் உடல் ஏறத்தாழ அசைவற்றிருக்கும்; முகமும் முயற்சியும் தெளிவாகப் பதியும். ஆனால், நிகழ்ந்ததைக் கண்டபின் விசையை அழுத்தினால் காலம் கடந்துவிடும். பந்தை எடுத்துக்கொடுப்பவரின் தோள் திரும்பும்போதே, அடிப்பவர் எங்கு எழுவார் என்று கணிக்க வேண்டும். தம் கல்லூரி அணியின் பயிற்சிகளை நாள்தோறும் காணும் மாணவருக்கு இக்கணிப்பு எளிதில் கைவரும்.

பந்து இல்லாத இடத்திலும் படம் உண்டு. மாற்று ஆட்டக்காரரின் காத்திருப்பு, தவறவிட்ட தோழிக்கு ஆறுதலாகத் தோளில் பதியும் கை ஆகியனவும் ஆட்டத்தின் வரலாறே.

கோட்டுக்கு வெளியே

படத்தினும் ஆட்டமே பெரிது. திடீர் மின்னொளி ஆடுபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே அதனைத் தவிர்த்தல் வேண்டும். நடுவர், பயிற்றுநர் ஆகியோரின் இசைவு பெற்று, ஓடிவருபவர் மோதாத இடத்தில் அமர்தல் வேண்டும். ஒருவரின் மாண்பைக் குறைக்கும் படம் எத்துணைத் தெளிவாக இருப்பினும் பகிரத்தக்கதன்று.

ஆர்வலரைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்னும் சொல், அன்பு செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ஊதியம் கருதாமல் அவர் எடுக்கும் ஒரு படம், மகள் ஆடுவதை ஒருமுறையேனும் நேரில் காண வாய்க்காத பெற்றோரின் கைக்குச் சென்று சேரலாம். தரையிலிருந்து எழுந்து பந்தை எட்டும் மகளை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் காண்பர். அதற்காகவே அவர் மங்கிய ஒளியிலும் பொறுமையோடு காத்திருக்கிறார்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்த ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.
2. 'பகிரத்தக்க படமும் பகிரத்தகாத படமும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.