பாட்ஸ் மாற்றிய பிறகு லொறி எஞ்சின் நடுங்கினால்...



கொழுந்து லொறி ஒரு நேரம் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மடுவத்தில் கட்டிக் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். காலையிலிருந்து மழையில் நனைந்து எடுத்த உழைப்பு வீணாகும். ஆகவே இந்த மாதம் டீசல் லொறியைப் பற்றி ஒரு பாடம் படிப்போம்.

நேற்று வரை நல்லா ஓடின லொறி. டீசல் பில்டரோ, இன்ஜெக்டரோ மாற்றினோம். இன்று ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் குலுங்குது, மிஸ் அடிக்குது, வெள்ளைப் புகை தள்ளுது. உடனே ஒருவர் "புது சாமான் சரியில்லை" என்பார். இன்னொருவர் "பம்ப் போச்சு, கழற்றுங்க" என்பார். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். நேற்று இல்லாத கோளாறு இன்று வந்தால், நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

ஏன் நடுங்குகிறது?

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் போல பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கும்போது அது கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகை போலத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்படித் தூவ வேண்டுமானால், பழைய வகை எஞ்சினிலேயே நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். பைப்பில் காற்று புகுந்துவிட்டால் பம்ப் தள்ளுகிற தள்ளலை அந்தக் காற்றே வாங்கிக்கொள்ளும். இன்ஜெக்டர் திறக்காது, அல்லது அரைகுறையாகச் சொட்டும். அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. இதைத்தான் நம்ம ஆட்கள் "எயார் பிடிச்சிருக்கு" என்கிறார்கள்.

ஒழுங்காகப் பார்க்க வேண்டியவை

1. பில்டரின் ரப்பர் ரிங்: பழைய பில்டரைக் கழற்றும்போது பழைய ரிங் மேலே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புதியது ஏறினால் இரண்டு ரிங் ஆகிவிடும், காற்று உள்ளே போகும். விரலால் தடவிப் பாருங்கள். புது ரிங்கில் கொஞ்சம் டீசல் தடவி மாட்டுங்கள்.

2. எயார் எடுத்தல்: பில்டர் தலையில் உள்ள எயார் ஸ்குருவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி வரும். குமிழி இல்லாமல் சுத்த டீசல் வரும்வரை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்குங்கள். பத்து அடி அடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

3. மறுபடியும் எயார் பிடித்தால்: டேங்கிலிருந்து சப்ளை பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே "எங்கேயும் ஒழுகல்லையே" என்று சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது. ஹோஸில் வெடிப்பு, கிளிப்பின் இறுக்கம், செப்பு வொஷர் எல்லாவற்றையும் பாருங்கள். செப்பு வொஷரைத் திரும்பப் பாவிக்காமல் புதிது போடுவதே நல்லது.

4. எந்தச் சிலிண்டர்? பழைய பம்ப் வகை எஞ்சினில் மட்டும் இதைச் செய்யலாம். மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் இன்னும் கெடும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். சூடான சைலன்சர் பைப்பில் டீசல் படாமல் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

5. இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பார்த்தல்: எஞ்சினை நிறுத்தி, அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர்தான் பிழை. கோளாறு பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, கம்ப்ரஷன், பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றும்போது குழிக்குள் பழைய வொஷர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கேயும் இரண்டு வொஷர் ஆகிவிடும்.

6. பைப் மாறிவிட்டதா? நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையிலும், ஆறு சிலிண்டர் பெரும்பாலும் 1-5-3-6-2-4 என்ற வரிசையிலும் வெடிக்கும். பைப் மாறினால் வரிசையும் கெடும். கழற்றும் முன்பே ஒவ்வொரு பைப்பிலும் துணி கட்டி இலக்கம் எழுதுங்கள்.

7. பம்பையே கழற்றிப் பூட்டியிருந்தால்: டைமிங் புள்ளி ஒரு பல் தவறினாலும் எஞ்சின் தட்டும், புகை தள்ளும். இதை மெக்கானிக் பாஸிடம் விடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, புதிய கொமன் ரெயில் வகை எஞ்சினில் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. அதில் அழுத்தம் பழையதைவிடப் பல மடங்கு அதிகம். அதன் இன்ஜெக்டர் பலவற்றுக்குத் தனித்தனி கோட் இலக்கம் உண்டு. அதைக் கம்பியூட்டரில் பதியாவிட்டாலும் எஞ்சின் நடுங்கலாம்.

இரண்டாவது, பீறிடும் டீசலை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூடக் குறைவாக இருக்கும். ஆனால் சில மணித்தியாலத்தில் சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். எண்ணெய் பூசி வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மிஸ் அடிக்கிற லொறியை ஆட்களோடும் பாரத்தோடும் இறக்கத்தில் விடாதீர்கள். எஞ்சின் நின்றால், சின்ன லொறிகளில் பிரேக்குக்கு உதவும் வெக்குயூம் புதிதாக உண்டாகாது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும். நம்ம பக்கத்து வளைவுகளில் அது போதும், உயிர் போக. வேலை முடிந்ததும் கால் மணி நேரம் ஓடவிட்டு, வெறும் லொறியாகச் சமதரையில் போய்ப் பார்த்த பிறகே கொழுந்தை ஏற்றுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும், "இன்னும் சோதிக்கல்லைங்க" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டியது சாரதியின் கடமை.

கோளாறு வந்தவுடன் கிளீனர் பையனை ஏசுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். ஏசினால் பயத்தில் அவன் எதைக் கழற்றினான் என்பதையே மறைப்பான். ஒரு கொப்பியில் திகதி, மாற்றிய சாமான், கழற்றிய நட், கை வைத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த முறை அரை நாள் தேடுவது அரை மணி நேரத்தில் முடியும்.

பயிற்சி: பில்டர் மாற்றிய லொறி பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு மிஸ் அடிக்கிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? மேலே உள்ள 1, 3 ஆகியவற்றைத் திரும்ப வாசித்து, உங்கள் சாரதியோடு பேசிப் பாருங்கள்.