ஷாபு செய்தி எழுதக் கிளம்பும் முன்

தானா ராத்தாவில் நீங்கள் யாரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தீர்கள் என்பது, பிரிஞ்சாங் போய் இறங்குவதற்குள் அங்கே தெரிந்திருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கேமரன் மலைக்கே நிருபராகிறவருக்குப் பலமும் அதுதான், வினையும் அதுதான். கோலாலம்பூர் நிருபர் செய்தியை எடுத்துக்கொண்டு தாப்பா வழியாக இறங்கிவிடுவார். உங்கள் அம்மா லயத்தில்தான் இருப்பார்.

போதைக் கும்பல்களை எழுதி உயிரைவிட்டவர்கள் என்றால் மெக்சிகோ முதலில் நினைவுக்கு வரும். குலியாக்கானில் ‘ரியோதோசே’ வார இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாவியேர் வால்தேஸ், 2017 மே 15 அன்று பட்டப்பகலில் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மும்பை நிழலுலகத்தை எழுதிய ஜே. டே, 2011 ஜூன் 11 அன்று பவாயில் வீழ்ந்தார். அந்த வழக்கில் நிழலுலகத் தலைவன் சோட்டா ராஜனுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2018 ஆனது. யாழ்ப்பாணத்துச் செய்தியாளர் நிமலராஜனின் கதை போதையல்ல, போர். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டுக்குள்ளேயே அவரைக் கொன்றார்கள். மூவரும் தாங்கள் வாழ்ந்த ஊரையே எழுதியவர்கள். கேமரன் மலையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஷாபு எனும் போதைப்பொருளை விற்பவனுக்கு உங்கள் வீட்டு வாசல் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். உங்களைவிட முதலில் சிக்கப்போகிறவர் உங்களுக்குத் தகவல் சொன்னவர். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க நிறுவனங்களிடம் சொல்பவருக்குத்தான் காவல். பத்திரிகைக்காரரிடம் சொன்னவருக்கு அதில் இடமில்லை. பேச ஆரம்பிக்குமுன் அவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் சொல்வதில்லை, தகவல் நின்றுவிடும் என்ற பயம். தோட்டத்துக்குள் சந்திக்க வேண்டாம். அவர் ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ போகும் நாளில் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியடையவும் வேண்டாம். ‘அந்த டிவிஷனில் வேலை செய்யும் மூன்று பிள்ளைகளின் தந்தை’ என்று எழுதினால் போதும், கிராணி முதல் கடைக்காரர் வரை ஆளைச் சொல்லிவிடுவார்கள். டிவிஷன், வயது, பிள்ளைகள் எல்லாவற்றையும் வெட்டுங்கள். செய்தி கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். தெரியட்டும்.

போலீஸ் கோப்பை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குஷிப்பட வேண்டாம். அது அரசாங்க ரகசியமாக இருந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவரும் மாட்டுவார்.

சொல்லிலும் கவனம் வேண்டும். 50 கிராமோ அதற்கு மேலோ ஷாபு வைத்திருந்தால் கடத்தல் என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது; ஹெராயின் என்றால் 15 கிராமே போதும். கடத்தலுக்கான கட்டாயத் தூக்கு போய்விட்டது, தூக்கு போகவில்லை. அதனால் பயன்படுத்திப் பிடிபட்ட பையனைக் ‘கடத்தல்காரன்’ என்று தலைப்பில் போடுவது சின்னப் பிழையல்ல. கடத்தல் குற்றச்சாட்டை முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாசிப்பார்கள், அங்கே வாக்குமூலம் பதிவாகாது, வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். அன்றைக்கே ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிவிடாதீர்கள்.

தனி ஆளாக மட்டும் எழுதாதீர்கள். மெக்சிகோவின் வெராகுரூஸில் 2012இல் கொல்லப்பட்ட செய்தியாளர் ரெஜினா மார்தினேஸ் விட்டுச்சென்ற வேலையை, 18 நாடுகளைச் சேர்ந்த 60 செய்தியாளர்கள் சேர்ந்து எடுத்து 2020இல் வெளியிட்டார்கள். நமக்கு அத்தனை பேர் வேண்டாம். ஒரே செய்தியை ஒரே நாளில் இரண்டு மூன்று பத்திரிகைகள் போட்டால், உங்களை மட்டும் மிரட்டிப் பயனில்லை என்று கும்பலுக்குப் புரியும். நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்குள் இருக்கும் போட்டியைப் பார்த்தால் இது நடக்குமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர நிருபர்களுக்கு ஒரு வார்த்தை. மிரட்டல் வந்தால் வழக்கறிஞர் யார், எத்தனை மணிக்குள் நான் போன் செய்யாவிட்டால் என்னை யார் தேடுவார், குடும்பத்தை சில வாரம் வேறு ஊரில் தங்கவைக்கச் செலவு யாருடையது? மூன்றையும் ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் செய்தியை அவரையே எழுதச் சொல்லுங்கள்.