பொன்னின் பிறப்பைக் கூறும் முதிய நட்சத்திரங்கள்

தங்கம் பூமியில் உண்டான பொருள் அன்று. சூரியனும் பூமியும் தோன்றுவதற்கு முன்பே அது விண்வெளியில் உண்டாகி, வாயுவுடன் கலந்திருந்தது. அது உண்டான விதத்திற்கு மங்கலான சில நட்சத்திரங்கள் அரிய சான்றை அளித்துள்ளன.

பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும், மிகச் சிறிதளவு லிதியமுமே இருந்தன. ஏனைய மூலகங்களில் பெரும்பாலானவை நட்சத்திரங்களாலேயே பிற்காலத்தில் ஆக்கப்பட்டன. ஹீலியத்தை விடக் கனமான மூலகங்கள் அனைத்தையும் வானியலார் 'உலோகம்' என்றே வழங்குவர். உலோகம் மிகக் குறைந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் மிகப் பழமையானவை. தாம் பிறந்த காலத்து வாயுவின் கலவையை அவை தம் மேற்பரப்பில் இன்றளவும் காத்து வருகின்றன.

அக்கலவையை அறியும் கருவி நிறமாலையாகும். அதிலுள்ள கருங்கோடுகளின் வலிமை, மூலகத்தின் அளவை மட்டுமின்றி வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சார்ந்தது. இதனை மேகநாத சாஹா 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட அயனியாக்கக் கொள்கை தெளிவாக்கிற்று. கோடுகளிலிருந்து மூலகங்களின் அளவைக் கணக்கிட அக்கொள்கையே வழிவகுத்தது.

இரும்பை விடக் கனமான மூலகங்களில் ஏறக்குறையப் பாதி, அணுக்கருக்கள் நியூட்ரான்களை மிக விரைவாக அடுத்தடுத்து ஏற்பதனால் விளைகின்றன. தங்கமும் யூரோப்பியமும் இவ்வகையைச் சேர்ந்தவை. தங்கத்தின் கோடுகள் புறஊதாப் பகுதியில் அமைவதால், எளிதில் காணத்தக்க யூரோப்பியமே அதற்குச் சாட்சியாகக் கொள்ளப்படுகிறது. இம்மூலகங்கள் ஒவ்வொரு சூப்பர்நோவா வெடிப்பிலும் சிறிது சிறிதாக உண்டாகின்றனவா, அபூர்வமான ஒரு நிகழ்ச்சியில் பெருமளவில் உண்டாகின்றனவா? பால்வழி மண்டலத்தில் எண்ணற்ற வெடிப்புகளின் விளைபொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டமையால், அங்கே விடை காண்பது அரிது. சில வெடிப்புகளை மட்டுமே கண்ட குள்ள நட்சத்திர மண்டலங்களே இதற்கு ஏற்றவை.

அவற்றுள் ஒன்று, தென்வானத்தில் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ரெட்டிக்குலம்-2. இது 2015-இல் கண்டறியப்பட்டது. இதன் மொத்த ஒளி சில ஆயிரம் சூரியன்களின் ஒளிக்கு மேற்படாது. அலெக்சாண்டர் ஜீ, அன்னா ஃபிரீபெல் முதலானோர் சிலி நாட்டிலுள்ள மெகல்லன் தொலைநோக்கியால் இதன் 9 நட்சத்திரங்களை ஆராய்ந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 7 நட்சத்திரங்களில் இவ்வகை மூலகங்கள், இதையொத்த பிற மங்கிய மண்டலங்களில் கண்டதை விட 100 முதல் 1,000 மடங்கு வரை மிகுந்திருந்தன.

ஒவ்வொரு சூப்பர்நோவாவும் இவற்றை ஆக்குமாயின், எல்லாக் குள்ள மண்டலங்களிலும் இவை ஓரளவு பரவியிருத்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் மிகுந்து, பிறவற்றில் அருகியிருப்பதால், அங்கு நிகழ்ந்தது அபூர்வமானதும் பெருவிளைவு தருவதுமான நிகழ்ச்சி என்பது பெறப்படும்.

இரு நியூட்ரான் நட்சத்திரங்களின் மோதல் அத்தகையது. 2017 ஆகஸ்டு 17 அன்று ஈர்ப்பு அலைகளால் உணரப்பட்ட மோதலைத் தொடர்ந்து எழுந்த ஒளி, கனமான மூலகங்கள் அங்கு உண்டானதைக் காட்டிற்று. அவ்வொளியில் ஸ்ட்ரான்ஷியத்தின் அடையாளம் 2019-இல் இனங்காணப்பட்டது. விரைந்து சுழலும் பெரு நட்சத்திரங்களின் அபூர்வ வெடிப்புகளுக்கும் இதில் பங்குண்டா என்பது ஆராயப்பட்டு வருகிறது. எவ்வாறாயினும், ஓர் அணிகலனிலுள்ள பொன், வானில் எப்போதோ ஒருமுறை நிகழும் பேரழிவின் எச்சமே என்பதற்கு இம்முதிய நட்சத்திரங்கள் வலுவான சான்றாகும்.