வழி மாறும் கோசி

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "கோசி ஆறு ஏன் தாத்தா இடம் மாறுகிறது?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் 'பீகாரின் துயரம்' என்று ஒரே வரிதான். ரயில்வேயில் பாலமும் தண்டவாளமுமாகக் காலம் கழித்தவன் நான், விடுவேனா?

இமயத்திலிருந்து வேகமாக இறங்கும் கோசி, மணலையும் வண்டலையும் வாரிக்கொண்டு வருகிறது. சமவெளியில் சரிவு குறைந்ததும் வேகம் தளர்ந்து சுமையை இறக்கிவிடுகிறது. படுகை மேடாகிறது, தண்ணீர் பள்ளம் தேடிப் போகிறது. இப்படியே சுமார் 250 ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது. கரை கட்டினால் நிற்காதா என்பீர்கள். வண்டல் அந்தக் கரைகளுக்குள்ளேயே சேர்ந்து, படுகை வெளியிலுள்ள வயலைவிட உயர்ந்துவிடுகிறது. 2008 ஆகஸ்ட் 18-இல் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்ததும் ஆறு கிழக்கே பழைய தடத்தில் பாய்ந்தது. பாதிக்கப்பட்டோர் சுமார் 30 லட்சம் பேர்.

"பின்னே ஏன் தாத்தா அங்கே குடியிருக்கிறார்கள்?"

அந்த வண்டல்தானம்மா சோறு போடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி பீகாரில் சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர், தமிழ்நாட்டில் 555. கரைகளுக்கு உள்ளேயே கிராமங்கள் உண்டு. போக இடம் வேண்டுமே!

எங்கள் தொழிலில் பாலம் கட்டுவதைவிட, ஆற்றை அதன் அடியிலேயே ஓடவைப்பதுதான் பெரும்பாடு. 1934-இல் வெள்ளமும் நிலநடுக்கமும் அறுத்துப்போட்ட நிர்மலி ரயில் இணைப்புக்கு, 1.9 கிலோமீட்டர் நீளப் புதிய பாலம் 2020 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது.