ஈசனுக்குப் பொன்னரளி... பறிக்கும் முன் ஒரு நிமிடம்!

பிரதோஷ நாள். மாலை நான்கு மணி. வாசல் ஓரத்துப் பொன்னரளியிலிருந்து பூக்களைப் பறித்துக் குடலையில் சேர்க்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை, உதிர்ந்து கிடக்கும் காயை எடுத்து உருட்டி விளையாடுகிறது. எத்தனையோ வீடுகளில் காணும் காட்சிதான் இது. ஆனால், ஈசனின் சிரசில் ஏறும் இந்தப் பூவின் இன்னொரு முகத்தையும் இல்லத்தரசிகளான நாம் அறிந்திருக்க வேண்டாமா?

எங்கிருந்து வந்தது?

அரளிக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. சங்க இலக்கியத்தில் வரும் 'கணவிரம்' என்பது செவ்வலரிதான். திருவாரூர் அருகே சம்பந்தர் பாடிய திருக்கரவீரம் திருத்தலத்தின் தலமரமும் அலரியே. 'கரவீரம்' என்ற வடசொல்லுக்கே அலரி என்றுதான் பொருள்.

ஆனால், மஞ்சள் நிறப் பொன்னரளியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கடல் கடந்து பிற்காலத்தில் வந்த செடி இது. வந்த இடத்தில் நம்மவர்கள் அதைச் சிவபூஜைக்கே உரியதாக்கிக் கொண்டார்கள்! தாவரவியலார் சூட்டிய பெயர் 'கஸ்காபெலா தெவெட்டியா'. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, எருக்கு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான், ஒரே குடும்பம்.

எப்படி அடையாளம் காண்பது?

எப்போதும் பச்சென்றிருக்கும் புதர்ச்செடி இது. வெட்டாமல் விட்டால் 6 மீட்டர் வரை சிறு மரமாகவே வளர்ந்துவிடும். இலைகள் 10 முதல் 15 செ.மீ. நீளத்தில், சுமார் 1 செ.மீ. அகலத்தில், கத்திபோல் மெலிந்து பளபளக்கும். ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு, புனல்போல் குவிந்த மலர், மெல்லிய மணம். ஆரஞ்சு, வெள்ளை நிறங்களிலும் உண்டு. காய் முதலில் பச்சையாக, விளிம்பு கட்டி ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும், முற்றினால் கறுக்கும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும்.

நர்சரிகளில் கிடைக்கும் 'டெகோமா' என்ற மஞ்சள் பூச்செடியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் இலை விளிம்பு ரம்பப் பல் போலிருக்கும், பூக்கள் கொத்தாகப் பூக்கும், காய் பயற்றங்காய்போல் நீளும், பால் வராது.

நீலகண்டனுக்கு மட்டும்!

பொன்னரளியின் இலை, பட்டை, பால், பூ, காய் எல்லாமே நஞ்சு. விதையில் மிக அதிகம். இந்த நஞ்சு இதயத்தைத் தாக்கும், துடிப்பு தாறுமாறாகும். காய்ந்தாலும் வெந்தாலும் இதன் வீரியம் போய்விடாது.

எருக்கு, ஊமத்தை, அரளி... நச்சுப் பூக்களை எல்லாம் ஏற்றுக்கொள்பவர் ஈசன். ஆலகாலத்தையே கண்டத்தில் தாங்கியவர் அல்லவா! அவருக்குச் சாற்றுவது பக்தி. அவர் தாங்கியதை நம் வீட்டு அன்னத்திலும் தீர்த்தத்திலும் கலக்க விடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

2024 மே மாதம், கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதைத் தவிர்க்க முடிவு செய்தது. பூஜைக்கு அதை விலக்கவில்லை. நாமும் வீட்டில் இதையே கடைப்பிடிக்கலாமே!

உங்கள் பூஜையறைக்கு...

* பொன்னரளியைச் சுவாமிக்குச் சாற்றுங்கள். தீர்த்தப் பாத்திரத்தில் போட வேண்டாம். அதற்குத் துளசியோ வில்வமோ போதும்.

* அர்ச்சனை முடியும்வரை நைவேத்தியத்தை மூடியே வையுங்கள். பிரசாதத் தட்டில் இந்தப் பூ வேண்டாம்.

* பூப்பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மடைப்பள்ளிக்குள், அதாவது உங்கள் சமையலறைக்குள் நுழையுங்கள். பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனம் தேவை.

* நிர்மால்யப் பூவைப் பசுவுக்குப் போடாதீர்கள். மண்ணில் புதைத்துவிடுங்கள்.

* குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய்களை அவ்வப்போது பெருக்கி அப்புறப்படுத்துங்கள். செடி இல்லாமலிருப்பது இன்னும் நல்லது.

குழந்தை எதையாவது மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று கைவைத்தியமும் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். செடியின் சிறு கிளையை ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றால், மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

அடுத்த பிரதோஷத்துக்கும் பொன்னரளி பறியுங்கள், தோழிகளே. பூ ஐயனுக்குப் போகட்டும். காய் குழந்தையின் கைக்குப் போகாமல் நீங்கள் காவல் இருங்கள்!