செயலியா, அட்டைப்பெட்டியா, காதா?

"அண்ணா, இங்கிலீஷுக்கு எந்த ஆப் நல்லது?" பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது, "உனக்கு எங்கே திணறுகிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பேசுவது காதில் விழுந்தும் புரியவில்லையா? படித்த சொல் மறுநாளே மறந்துபோகிறதா? எல்லாம் புரிந்தும் வாய் எழவில்லையா? மூன்றுக்கும் வழி வேறு வேறு. இதைக் கேட்டுக்கொள்ளாமல் செயலியை இறக்குபவர்கள்தான் இரண்டு வாரத்தில் அதை அழித்துவிடுகிறார்கள்.

ஊட்டி - கோத்தகிரி சாலையில் குன்னூர் சாலை வந்து சேரும் கட்டபெட்டில் மொழி கற்பது புதிய வேலையே இல்லை. படுகர் ஊரான ஹட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ். ஐந்து வயதில் வகுப்பில் உட்கார்ந்து, தெரியாத சொல்லை ஊகித்து, தப்பாகச் சொல்லி, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருத்திக்கொண்டுதான் அது தமிழ் பிடித்தது. ஜோன் ரூபின் என்ற ஆய்வாளர் 1975இல் நல்ல மொழி மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதியபோது இவற்றையே சொன்னார்: துணிந்து ஊகிக்கிறார்கள், தவறுக்குக் கூசுவதில்லை, பேச வாய்ப்புத் தேடுகிறார்கள். ஆக, இந்தப் பிள்ளைகளிடம் உத்தி ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது குறைவது வேறொன்று: என்ன படிப்பது என்று தானே முடிவெடுப்பதும், படித்தது ஏறியதா என்று தானே சோதிப்பதும். எந்தக் கருவியையும் இந்த இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

டுவோலிங்கோ போன்ற விளையாட்டுச் செயலிகள் அடியெடுத்து வைப்பவருக்கு நல்லவை. தினமும் பத்து நிமிடம் உட்காரும் பழக்கத்தை அவை உண்டாக்குகின்றன. ஆனால் அடுத்து என்ன படிப்பது என்பதைச் செயலியே தீர்மானிக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டத் தெரிந்தவருக்கு அதே வாக்கியத்தைச் சொந்தமாகச் சொல்ல வராமல் போகலாம். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலப் பாடம் படித்த கல்லூரி மாணவர் இதில் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தங்கத் தேவையில்லை. தொடர்ந்து எத்தனை நாள் வந்தோம் என்ற கணக்கு உடைந்துவிடுமே என்பதற்காக மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் தயங்காமல் விடலாம்.

மறதிதான் சிக்கல் என்றால் அட்டைதான் என் தேர்வு. படித்தது எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னை வைத்தே அளந்து எழுதினார். மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி நினைவுகூர்ந்தால் சொல் நிலைக்கும். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஒரு பெட்டி முறையைப் பரப்பினார். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புதிய அட்டைகள் முதல் அறையில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், அடுத்ததை ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசியை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2006இல் வந்த அங்கி என்ற செயலி இதே வேலையைக் கணினிக் கணக்கோடு செய்கிறது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. சிக்னல் இல்லாத சரிவிலும் அது ஓடும். வீட்டுக்கே ஒரு போன் என்றால் பெட்டியே மேல்.

எதில் செய்தாலும் அட்டையை நீங்களே எழுத வேண்டும். இணையத்தில் ஆயிரக்கணக்கான சொற்களோடு கிடைக்கும் ஆயத்தக் கட்டுகளில் உங்கள் வாழ்க்கை இருக்காது. ஒற்றைச் சொல்லையும் எழுதாதீர்கள். முன்பக்கம் "தேயிலை விலை மறுபடி இறங்கிவிட்டது", பின்பக்கம் அதன் ஆங்கிலம். வீட்டில் தினமும் பேசும் பேச்சு அட்டையில் ஏறினால், தேவைப்படும் இடத்தில் அது தானாக வாய்க்கு வரும்.

பாடப்புத்தகம் புரிகிறது, ஆள் பேசினால் புரியவில்லை என்பவர்களுக்குக் காதுப் பயிற்சி. 1943இல் தொடங்கிய பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் சேவையில் 'ஆறு நிமிட ஆங்கிலம்' என்ற நிகழ்ச்சி இருக்கிறது. எழுத்து வடிவத்தோடு இலவசமாகவே கிடைக்கிறது. இணையம் நன்றாக வரும் இடத்தில் இறக்கிவைத்து பஸ்ஸில் கேட்கலாம். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு ஒரு நிமிடப் பேச்சை மட்டும் நிறுத்தி நிறுத்தி எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்ற குட்டிச் சொற்களாக இருக்கும். அந்தப் பட்டியல்தான் உங்கள் சொந்தப் பாடத்திட்டம். தமிழிலேயே ஆங்கிலம் நடத்தும் யூடியூப் சேனல்கள் இலக்கணச் சந்தேகத்துக்கு உதவும். அவற்றில் காதுக்குக் கிடைக்கும் ஆங்கிலம் குறைவு.

வாய் எழாதவர்களுக்கு இப்போது சாட்ஜிபிடி போன்ற பேசும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அது சிரிக்காது, அலுக்காது. கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் கட்டளை உங்களுடையதாக இருக்கட்டும்: "நான் பேசி முடித்த பிறகு மூன்று தவறுகளை மட்டும் சொல், திருத்திய வாக்கியத்தை நானே சொல்கிறேன்." விடுப்புக் கடிதத்தை அதையே எழுதச் சொன்னால் கடிதம் கிடைக்கும், ஆங்கிலம் கிடைக்காது. கூகுள் மொழிபெயர்ப்புக்கும் இதே விதி: முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். சில நேரம் இவை தப்பான விளக்கத்தையும் உறுதியான குரலில் சொல்லும்; சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். மனிதத் துணை கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் வைப்பேன். கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி வரை பஸ்ஸில் ஆங்கிலம் மட்டும் என்று இரண்டு தோழிகள் பேசிவைத்துக்கொண்டால் செலவும் இல்லை, சிக்னலும் வேண்டாம்.

கோவையிலும் பெங்களூரிலும் வளரும் படுகர் வீட்டுப் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் கற்க வேண்டியது படுக மொழி. டுவோலிங்கோவில் அதற்குப் பாடம் இல்லை. பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்தியான் பிலோ ரைஷூரும் 1992இல் வெளியிட்ட படுக - ஆங்கில அகராதி கனமான நூல், தேடித்தான் பார்க்க வேண்டும். நாக்கை வளைத்துச் சொல்லும் உயிரொலிகள் இந்த மொழியில் உண்டு என்று மொழியியலாளர் எமனோ 1939இல் விரிவாக எழுதினார். தமிழ் எழுத்தில் அவற்றைப் பிடிக்க முடியாது. ஆகவே இங்கே போனின் ஒலிப்பதிவுதான் சிறந்த கருவி, பாட்டிதான் ஆசிரியர். விடுமுறைக்கு ஊர் வரும்போது உறவுமுறை, சாப்பாடு, குளிர், தோட்டவேலை பற்றிப் பத்துப் பத்து வாக்கியமாகப் பதிவு செய்யுங்கள். அங்கியில் அட்டையின் முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் பொருள். ஒரே வாக்கியத்தை இரண்டு பெரியவர்களிடம் கேட்டுப் பதியுங்கள். உச்சரிப்பு வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.