சுகம் பெற்ற பின்பும் வரும் பயம்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 20:1-11, ஏசாயா 38



பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நம் கடற்கரை ஜனங்கள் முதலில் கேட்பது, "எத்தனாம் நம்பர்?" என்பதுதான். ஒன்றாம் நம்பர் என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். புயல் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனாலும் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியும், அங்கே போன ரயிலும் அதிலிருந்த பயணிகளும் அழிந்ததை அறிந்த பெரியவர்களுக்கு ஒன்றாம் நம்பரே போதும். அன்று ராத்திரி தூக்கம் வராது.

மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்த நம் சகோதரிகளின் நிலைமையும் இதுதான். முதுகில் ஒரு வலி, நாலு நாள் இருமல், தழும்பில் சுருக்கென்று ஒரு குத்தல். உடனே, "மறுபடியும் வந்துவிட்டதோ?" என்ற பயம். இந்தப் பயத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. இதில் நான் தவறு செய்தவன்.

சில வருஷங்களுக்கு முன்பு, கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் சகோதரி ஒருவருக்கு ஒரு பக்க மார்பகத்தையும் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் ஆபரேஷனில் எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில் அவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தவன் நானே. "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்று அவர்கள் சொன்னபோது சபையே அல்லேலூயா என்றது. நானும் சந்தோஷப்பட்டேன்.

அதன்பின் அவர்கள் செக்கப்புக்கு வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் வீட்டைத் தேடிப் போனேன். முந்தானையால் ஒரு கையை மூடிக்கொண்டே பேசினார்கள். கை வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். அழுதுவிட்டார்கள்.

"ஐயா, சாட்சி சொல்லிப்புட்டு மறுபடி டாக்டர்ட்ட போய் நின்னா, கர்த்தர் மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா? சனங்க என்ன சொல்லும்?"

ராத்திரியில் பிள்ளைகள் தூங்கினபின் தழும்பைத் தடவித் தடவிப் பார்ப்பார்களாம். பயம் வரும்போதெல்லாம் மேடையில் பொய் சொல்லிவிட்டோமோ என்று மனச்சாட்சி குத்துமாம். வியாதியின் பயம் ஒன்று, பயப்படுகிறோமே என்ற பயம் ஒன்று. இரண்டாவதை அவர்கள் தலைமேல் ஏற்றி வைத்தது நான்.

அந்த வாரம்தான் எசேக்கியா ராஜாவின் சரித்திரத்தைப் புதிதாக வாசித்தேன். செமினரியில் படித்த பகுதிதான். எத்தனையோ தரம் பிரசங்கமும் செய்திருக்கிறேன். மரிப்பாய் என்று தீர்க்கதரிசி சொன்னபோது ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி மிகவும் அழுதான். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டு 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். கணக்குப் பார்த்தால் அப்போது அவனுக்கு ஏறக்குறைய 39 வயதுதான். இதுவரை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு அடுத்ததைக் கவனியுங்கள்.

ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தான். வாக்குத்தத்தம் வந்தபின்பும் மருந்து விலக்கப்படவில்லை. அதோடு நிற்கவில்லை. சுகமாவேன் என்பதற்கு அடையாளம் என்ன என்று ராஜா கேட்கிறான். தேவனுடைய வார்த்தையையே கேட்டவன், இன்னும் ஒரு நிச்சயம் வேண்டும் என்கிறான்! கர்த்தர் கோபிக்கவில்லை. அவிசுவாசி என்று சொல்லவில்லை. சூரியகடிகாரத்தில் நிழலைப் பத்துப் பாகை பின்னிட்டுத் திரும்பப் பண்ணினார். அப்படியானால், இன்றைக்கு ஒரு சகோதரி டாக்டரிடம் போய், "ஐயா, எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் அது எப்படி அவிசுவாசமாகும்?

ஏசாயா 38இல் அந்த ராஜா எழுதின பாட்டும் இருக்கிறது. சுகமானபின் எழுதினது. துதி மாத்திரம் அல்ல, இனி ஆயுள் முழுதும் அந்தக் கசப்பை நினைத்தே நடப்பேன் என்ற அறிக்கையும் அதில் உண்டு. நம் சாட்சிக் கூட்டங்களில் இந்தப் பாதியை யாரும் சொல்ல நாம் இடம் கொடுப்பதில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்கள். அந்தத் துக்கத்திலிருந்து 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. அக்காலத்தில் இவ்வியாதி என்றாலே மரணப்படுக்கை என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். இன்றோ பிழைத்தவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். திரும்ப வருமோ என்ற பயம் பிழைத்தவர்களுக்கே உரிய பாடு. பழைய ஊழியர்களுக்கு இதைப்பற்றிக் கற்றுக்கொள்ளும் அவசியம் அதிகம் இருக்கவில்லை. நமக்கு உண்டு.

இந்தப் பயம் வீண் பயமும் அல்ல. "இனி வரவே வராது" என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க முடியாது, போதகரும் சொல்லக்கூடாது. ஐந்து வருஷம் தாண்டினால் தீர்ந்தது என்பது பலர் எண்ணம். சிலவகைப் புற்றுநோய் பத்து வருஷத்துக்குப் பின்னும் தலைகாட்டுவதுண்டு. ஆகவேதான் ஹார்மோன் சார்ந்த வகைக்கு 5 முதல் 10 வருஷம் வரை மாத்திரை தருகிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அதை நடுவில் நிறுத்தக்கூடாது. முதல் மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை, பிறகு சற்று இடைவெளி விட்டு. மார்பகத்துக்கு வருஷம் ஒருமுறை மாமோகிராம். இவ்வளவே பொதுவான முறை. முழு உடம்புக்கும் ஸ்கேன் எடுக்கப் பணம் தரட்டுமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பதே ஆராய்ச்சிகள் காட்டுவது. ரிசல்ட் வருமட்டும் புதுப் பயம்தான் கூடுகிறது.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் பாதிப் பயம் குறைகிறதைக் கண்டிருக்கிறேன். கூண்டின் நம்பரைக் கேட்பது போலத்தான். தழும்பிலோ அக்குளிலோ புதுக் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சுத்திணறல், தலைவலி என்றால் தேதி குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுகிறோம். மற்ற வலிகள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு வரும் வலிகள்தான்.

அந்தச் சகோதரியை அழைத்து வந்தோம். கை வீக்கம் புற்றுநோய் அல்ல. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கையில் நீர் வடிவது குறையும். சிறு காயம் பட்டாலும் புண்ணாகி வீங்கும். பாறையில் பாசி பறிக்கிறவர்களுடைய கையில் கீறல் விழாத நாள் ஏது? டாக்டர் அம்மா கைக்குப் பயிற்சியும் இறுக்கமான கையுறையும் கொடுத்தார்கள். கடலில் இறங்கினால் கையைக் காப்பாற்ற வழியும் சொன்னார்கள். கணக்கில்லாத ராத்திரிகள் அவர்கள் தனியாகப் பயந்தது இதற்காகத்தான். வேறொரு சகோதரிக்கு உண்மையாகவே திரும்ப வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. வெட்கப்படாமல் சீக்கிரம் வந்தபடியால் சிகிச்சையும் சீக்கிரம் தொடங்கியது.

நடிகை கௌதமி அவர்கள் 35 வயதில் தம் மார்பில் கட்டியைத் தாமே கண்டுபிடித்து, சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள். மிஷன் பத்திரிகையில் நடிகையின் பேர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்கள் அதை ஒளிக்காமல் ஊரறியப் பேசினதால் நம் பெண்கள் பலருக்கு வாய் திறந்தது, அதனால் எழுதுகிறேன்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் செக்கப் நாளில் இருவருக்குப் பஸ் சார்ஜும், ஒரு நாள் கூலி இழப்பும் ஏழைக் குடும்பத்துக்குப் பாரம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இதற்காகவே செலவாகிறது. செக்கப்புக்கு முந்தின வாரம்தான் பயம் அதிகம். ஆகையால் அந்த வாரத்திலேயே வீடு சந்திக்கப் போகிறோம். உங்கள் சபையிலும் இப்படிப்பட்ட சகோதரிகள் இருப்பார்கள். அவர்களிடம் செக்கப் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன பண்டிகைக்கு முன் அந்தச் சகோதரியிடம், "அம்மா, இந்தத் தரம் சாட்சி வேண்டாம், உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்றேன்.

"பஸ்ல பக்கத்துல உட்கார்ந்து வர ஒரு ஆள் வேணும்யா" என்றார்கள். மாதர் சங்கத்திலிருந்து ஒரு அம்மா இப்போது கூடப் போய் வருகிறார்கள்.

ஆஸ்பத்திரி போதகர்